தர்ஷினிக்கு யார் சோறு போடுவது

குத்தாலம்
4 செப்டம்பர் 2025

செந்தாமரைக்கு,

அம்சவல்லி எழுதுவது. உன் அண்ணன் அரசப்பனின் பெண்டாட்டி. மறந்திருப்பாயோ என்று சொல்கிறேன். என் மகள் தர்ஷினியைப் பாடையில் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு, உன்னோடு இனி பேச மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் போன் செய்யாதே. செய்தாலும் எடுக்க மாட்டேன்.

போன வாரம் குறுவை நெல்லைக் களத்தில் காயப்போட்டிருந்தோம். உன் அண்ணன் டீக்கடையிலிருந்து பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்தார். முகமே சரியில்லை. என்னங்க என்று கேட்டேன். அதற்குள் எதிர்வீட்டு அமிர்தம் ஓடி வந்தாள். "அக்கா, உங்க தர்ஷினி பெங்களூர்ல உசுரோட இருக்காளாமே, பேப்பர்ல போட்ருக்கு!" கையில் இருந்த முறத்தை நான் எங்கே போட்டேன் என்று எனக்குத் தெரியாது.

உனக்கு விருது கொடுத்திருக்கிறார்கள். படத்தில் இளைத்துப்போய் இருக்கிறாய். கீழே எழுதியிருக்கிறான்: ரத்தம் உறையாத நோயால் இறந்த சிறுமியின் செல்கள் ஆய்வுக்கூடத்தில் இன்னும் உயிரோடு இருக்கின்றன, பெருகிக்கொண்டே இருக்கின்றன, விஞ்ஞானி அவற்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் உணவு கொடுக்கிறார்.

என்ன உணவு கொடுக்கிறாய்? நான் இங்கே வெள்ளிக்கிழமை தோறும் அவள் படத்துக்கு முன்னால் சோறும் சுண்டைக்காய் வற்றலும் வைக்கிறேன். அங்கே நீ ஊட்டுகிறாய். இரண்டு இடத்தில் இலை போட்டால் பிள்ளை எங்கே வந்து உட்காரும்?

சும்மா கேட்கவில்லை. மகன் இனியவனுக்கு என் தம்பி தியாகுவின் மகள் கனிமொழியைப் பேசி முடித்திருக்கிறோம். தையில் கல்யாணம். கன்னியாகச் செத்த பெண் வீட்டுச்சாமி என்பது உனக்குத் தெரியாததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு, புதுப் பாவாடை சட்டை வைத்து, படையல் போட்டு, உத்தரவு கேட்க வேண்டும். ஆடியில் கூப்பிட்டோம். அருள் வந்து ஆட பூவம்மாள் உட்கார்ந்தாள். உடுக்கை அடித்தவர் கை ஓய்ந்தது. தர்ஷினி வரவில்லை. கடைசியில் பூவம்மாள் கண்ணைத் திறந்து, "அவ வரமாட்டா ஆயி. எங்கயோ புடிச்சு வச்சிருக்காங்க" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இப்போது புரிந்துவிட்டது.

அவளை விட்டுவிடு.

அம்சவல்லி


பெங்களூர்
13 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்கப் பயமாக இருந்தது. பிரித்ததும் பயந்தது சரிதான் என்று தெரிந்தது.

பேப்பரில் எழுதியவரிடம் அப்படி எழுத வேண்டாம் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. உங்களுக்கு நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தப்பு என்னுடையது.

நம் எல்லார் ரத்தத்திலும் தட்டணுக்கள் ஓடுகின்றன. டெங்கு வந்தால் ஊரே 'பிளேட்லெட் எவ்வளவு' என்று கேட்குமே, அவைதான். எங்காவது வெட்டுப்பட்டால் ஓடிவந்து ஒன்றோடொன்று கைகோத்து ஓட்டையை அடைக்கும். வாய்க்கால் கரை உடைந்தால் நம் ஆட்கள் இறங்கித் தோளோடு தோள் நின்று அடைப்பதைப்போல. தர்ஷினிக்கு ஆட்கள் குறைவில்லை. கைகோக்கத்தான் வராது. அதனால்தான் நீங்கள் அரைத்துக் கொடுத்த பப்பாளி இலைச்சாற்றுக்கு நோய் கேட்கவில்லை.

அவள் பத்து வயதில் கோடை விடுமுறைக்கு என்னிடம் வந்தபோது, நீங்களும் அண்ணனும் சம்மதித்த பிறகே ரத்தம் எடுத்தேன். அதிலிருந்த சில செல்களை மாற்றி, அழியாமல் பெருகும்படி செய்தோம். அவை தர்ஷினியின் தட்டணுக்களைப் போலவே தட்டணுக்களை உண்டாக்குகின்றன. அவற்றுக்குக் கைகோக்கும் சக்தியைத் திருப்பித் தரப் பார்க்கிறோம். அது கைகூடினால் இப்படி இன்னொரு பிள்ளை சாகாது. என் வேலை முழுவதும் அந்தச் செல்களின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் அவை தர்ஷினி இல்லை அண்ணி. அவற்றுக்கு வலி தெரியாது, பசி தெரியாது. உணவு என்பது எங்கள் ஆய்வுக்கூடப் பேச்சு. இளஞ்சிவப்பாக ஒரு சத்துநீர், அவ்வளவுதான்.

இனியவன் கல்யாணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணனுக்கு நீங்கள் அத்தை மகள். இந்தக் குறையில் ஆளுக்குப் பாதியைச் சுமந்தீர்கள், இரண்டு பாதியும் தர்ஷினியிடம் போய்ச் சேர்ந்தது. பாதி மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாது. நானும் அந்தப் பாதியைச் சுமக்கிறவள்தான், சோதித்துப் பார்த்துவிட்டேன். இனியவனிடமும் கனிமொழியிடமும் அது இருந்தால் நாளைக்கு அவர்கள் பிள்ளைக்கும் இதே கதி வரலாம். இரண்டு பேர் ரத்தத்தையும் அனுப்பிவையுங்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

செந்தாமரை


குத்தாலம்
25 செப்டம்பர் 2025

செந்தாமரைக்கு,

இன்னும் ரத்தமா? எடுத்தது போதவில்லையா உனக்கு?

சம்மதித்தோம் என்று எழுதுகிறாய். சோதனைக்கு என்று சொன்னாய், சரி என்றோம். வளர்க்கப்போகிறேன் என்று சொன்னாயா? பக்கத்து வீட்டுக் கோழியை அடைகாக்க வைக்கக்கூட ஒரு வார்த்தை கேட்பார்கள்.

அவை தர்ஷினி இல்லை என்கிறாய். இல்லையென்றால் அழிப்பதற்கு என்ன வலிக்கிறது? தர்ஷினிதான் என்றால் எனக்கல்லவா கொடுக்க வேண்டும்?

நீ அன்றைக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை. பாடையைத் தூக்குவதற்கு முன்னால், எல்லார் காதிலும் விழும்படி சொன்னாய். "குச்சுல உக்கார வச்சே கொன்னுட்டீங்களே அண்ணி." என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டிருந்தால்கூட எழுந்திருப்பேன்.

பெரியவளானால் அடுத்த நிமிஷம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரியவளான பெண்ணைச் சடங்கு செய்யாமல் காரில் ஏற்றினால் ஊர் என்ன பேசும்? வியாதிக்காரி என்ற பேர் விழுந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள்? தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குச்சு கட்ட வேண்டும், தியாகு சிங்கப்பூரில் இருந்து ஃபிளைட் பிடித்து வரவேண்டும். அதுவரைக்கும் பொறுப்போம் என்று நினைத்தேன். நிறையப் போகிறது என்றேன். முதல் தடவை அப்படித்தான், நல்ல ரத்தம், கொடுத்து வைத்தவள் என்றார்கள் பெண்டுகள். உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தேன். நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் கொடுத்தேன். தர்ஷினி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், "அத்தைக்குச் சொல்லிட்டியா" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னேன். உனக்குத் தெரிந்தால் சடங்கையே நிறுத்திவிடுவாய் என்று பயம்.

தியாகு கொண்டுவந்த பட்டுச்சேலையை, அவளை அனுப்பும்போது போர்த்தினோம்.

இன்றைக்கும் காலையில் எழுந்ததும் எல்லார் தலையணையையும் புரட்டிப் பார்க்கிறேன். மூக்கிலிருந்து வந்திருக்கிறதா என்று. இனியவன், "ஏம்மா, நானா தர்ஷினி?" என்று சத்தம் போடுகிறான். கை தானாகப் போகிறது. போன மாதம் உன் அண்ணன் தலையணையில் வெற்றிலைக் கறை இருந்தது. அலறிவிட்டேன்.

அவள் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் செந்தாமரை. கல்யாணத்துக்கு மட்டும் இல்லை. என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நீ கட்டிவைத்திருந்தால் எப்படி வருவாள்?

அம்சவல்லி


பெங்களூர்
8 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அன்றைக்குச் சொன்னதை இப்போது நினைக்கவில்லை என்று எழுதினால் பொய். பாதி நினைக்கிறேன். மற்றப் பாதியில் நான் நிற்கிறேன். அவள் வயதை நானும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். இந்த வருஷமோ அடுத்த வருஷமோ என்று தெரியும். அந்தக் கோடையில் ஊருக்கு வந்து இருந்திருக்கலாம். ஒரு கருத்தரங்கு இருந்தது, தட்டணுக்களைப் பற்றி மூன்று நாள் பேசினோம். எவ்வளவு நன்றாகப் பேசினேன் என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

அவை அவள் இல்லை என்று உங்களுக்கு எழுதிவிட்டு அந்த அறைக்குப் போனேன். கதவைத் திறந்ததும் அந்த வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. உடம்புச் சூட்டில்தான் வைத்திருப்போம். காய்ச்சல் குழந்தை இருக்கிற அறைக்குள் போகிற மாதிரி எனக்குக் குரல் தணிந்துவிடும். மாணவர்கள் சிரிப்பார்கள். குழாயின் மேல் எண் மட்டும்தான் எழுதுவோம், பெயர் எழுதக்கூடாது. ஆனால் பொங்கலன்றும் தீபாவளியன்றும் எல்லாரும் ஊருக்குப் போன பிறகு சத்துநீர் மாற்றுகிறவள் நான். மாற்றி முடித்ததும் "போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கதவை மூடுவேன். யாரிடம் சொல்கிறேன் என்று ஒருநாளும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து கேட்கிறேன்.

சரி அண்ணி. நீங்கள் கேட்டதைச் செய்கிறேன். நீங்களும் அண்ணனும் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதிக் கொடுத்தால், விதிப்படியும் நான் மறுக்க முடியாது. ஆனால் இனியவனும் கனிமொழியும் முதலில் ரத்தம் கொடுக்க வேண்டும். பேரம் பேசுகிறாள் என்று திட்டுங்கள், பரவாயில்லை. முடிவு எப்படி வந்தாலும் என் வார்த்தை மாறாது.

செந்தாமரை


குத்தாலம்
2 நவம்பர் 2025

செந்தாமரைக்கு,

கொடுத்தாகிவிட்டது. நீ சொன்ன மாயவரம் லேபில் எடுத்து, ஐஸ் டப்பாவில் வைத்து அனுப்பினார்கள். இத்தோடு நானும் உன் அண்ணனும் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளும் இருக்கிறது.

தியாகு குதித்தான். "எம் பொண்ணு ரத்தத்துல என்னா கொறையக் கண்டீங்க?" என்று கத்தினான். கனிமொழிதான் குறுக்கே வந்தாள். "அத்தை, கல்யாணம் எனக்கு. தெரிஞ்சுக்கிட்டே போறேன்" என்று கையை நீட்டிவிட்டாள். நல்ல பெண். அவளைக் கட்டக்கூடாது என்று முடிவு வந்துவிட்டால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

வழியெல்லாம் மழை. சம்பா நடவு முடிந்த வயல் முங்கிக் கிடக்கிறது, உன் அண்ணன் வடிகாலே கதி என்று நிற்கிறார்.

இனியவன் கையிலிருந்து ஊசியை எடுத்ததும் நர்ஸ் பஞ்சை வைத்தாள். நான் அவளைத் தள்ளிவிட்டு நானே அழுத்திப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. "போதும்மா, நின்னுருக்கும்" என்றாள். எடுத்துப் பார்த்தேன். நின்றிருந்தது. ஒரே ஒரு பொட்டுதான். அந்தப் பஞ்சை வைத்துக்கொண்டு நடுக் கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

சீக்கிரம் சொல்.

அம்சவல்லி


பெங்களூர்
24 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கனிமொழியிடம் அந்தக் குறை இல்லை. இனியவனிடம் பாதி இருக்கிறது, என்னைப்போல. அது அவனை ஒன்றும் செய்யாது. அவர்கள் இருவருக்கும் பிறக்கும் பிள்ளைக்கு தர்ஷினிக்கு வந்தது வராது. பத்திரிகை அடியுங்கள் அண்ணி. தாராளமாகக் கல்யாணம் செய்யுங்கள்.

முடிவைப் பார்த்ததும் உங்களுக்கு உடனே போன் செய்யக் கை போனது. எடுக்க மாட்டீர்கள் என்று ஞாபகம் வந்து, தபால் ஆபீசுக்கு ஓடினேன்.

இப்போது என் முறை. செய்வேன். ஆனால் ஒரே ஒருமுறை கேட்டுவிடுகிறேன். இந்த மாதம் முதல் தடவையாக, மாற்றிய செல்களிலிருந்து வந்த தட்டணுக்களில் சில ஒன்றை ஒன்று பிடித்தன. பிடித்து விட்டுவிட்டன. ஆனாலும் பிடித்தன. இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. இன்னும் ஒரு வருஷம் கொடுத்தால் அவை விடாமல் பிடிக்கும் என்று நினைக்கிறேன். மறுபடி வேறு பிள்ளையின் ரத்தத்தில் தொடங்கினால் முதலிலிருந்து போக வேண்டும். கட்டாயப்படுத்தவில்லை. கேட்கிறேன்.

செந்தாமரை


குத்தாலம்
3 டிசம்பர் 2025

தாமரைக்கு,

கனிமொழி விஷயம் கேட்டதும் கோயிலுக்குப் போய்ச் சூறைத்தேங்காய் விட்டேன். நீ நன்றாக இருக்க வேண்டும். மனதாரச் சொல்கிறேன்.

ஒரு வருஷம் கொடுக்க மாட்டேன். தையில் கல்யாணம். மார்கழி முடிவதற்குள் முடித்துவிடு. ஒன்றுகூட வைக்காதே. அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று விட்டால் பிள்ளை அரைகுறையாக வந்து நிற்கும். முழுதாக அனுப்பு.

அம்சவல்லி


பெங்களூர்
19 டிசம்பர் 2025

அண்ணிக்கு,

இன்று காலை முடித்துவிட்டேன்.

உறையவைத்திருந்த குழாய்களை எல்லாம் வெளியே எடுத்தேன். வேறு நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றுக்குக் கொடுத்திருந்தவற்றையும் அழிக்கச் சொல்லி, அழித்துவிட்டோம் என்ற பதில் வந்த பிறகுதான் தொடங்கினேன். மாணவர்கள் ஒருவரும் அறைக்குள் வரவில்லை. ஒருத்தி வெளியே நின்று அழுதாள், அவளுடைய பட்டத்துக்கான ஆராய்ச்சியும் இதோடு போகிறது.

வளர்ந்துகொண்டிருந்த தட்டில் மருந்தை ஊற்றிவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமில்லை. கூட யாராவது இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஒட்டிக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாகப் பிடியை விட்டு மிதந்தன. சத்துநீரின் நிறம் வெளுத்தது. வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தேன்.

வெளியே வந்து தலைக்குக் குளித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

கல்யாணத்துக்கு நான் வரவில்லை. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம் என்று சொல்லுங்கள்.

செந்தாமரை


குத்தாலம்
20 ஜனவரி 2026

என் தாமரைக்கு,

நேற்று அவளைக் கூப்பிட்டோம். அரக்கில் பாவாடை, மஞ்சள் சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன் எல்லாம் புதுக்கூடையில் வைத்தேன். சோறு, வற்றல், அவளுக்குப் பிடித்த முறுக்கு. உன் கடிதத்தை உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன், அவர் எழுந்து வயலுக்குப் போனவர் உடுக்கைச் சத்தம் கேட்டுத்தான் திரும்பி வந்தார்.

உடனே அருள் வந்துவிட்டது. பூவம்மாள் தலையை விரித்துக்கொண்டு ஆடினாள். "அம்மா, நான் வந்துட்டேம்மா. கல்யாணத்த நடத்தும்மா. எனக்கு ஒரு கொறையும் இல்லம்மா" என்றாள். எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். தியாகு தேம்பித் தேம்பி அழுதான். எல்லாருக்கும் திருப்தி.

தாமரை, அது என் பிள்ளை இல்லை. அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டதே கிடையாது. கோபம் வந்தால் "ஏய் வல்லி" என்பாள், காரியம் ஆக வேண்டுமென்றால் "வல்லிக்குட்டி" என்பாள். அவள் அப்பா கூப்பிடுவதைப் பார்த்துப் பழகியது. இது பூவம்மாளுக்குத் தெரியாது. பாவம், அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். நானும் விழுந்து கும்பிட்டேன். எல்லாரும் போன பிறகு கூடைக்கு முன்னால் உட்கார்ந்து நானே கூப்பிட்டேன். தர்ஷினி, தர்ஷி, வந்து எதையாவது சொல்லுடி, திட்டவாவது திட்டுடி என்று கூப்பிட்டேன். வீட்டில் யாரும் இல்லை. அவள் செத்த அன்றைக்குக்கூட வீடு இப்படி இல்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பேப்பரில் பார்த்த நாளிலிருந்து, உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேனே, அப்போதெல்லாம் எனக்கு அவள் இருக்கிற இடம் தெரிந்திருந்தது. இன்றைக்கு அவளுக்குத் தாமரை சாப்பாடு போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டுதான் நான் இலையில் உட்காருவேன். அந்த நாளில் கொஞ்சம் சோறு இறங்கும். இப்போது அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. நான்தான் இரண்டாம் தடவையும் அனுப்பியிருக்கிறேன்.

உன்னை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். நீ சொன்ன பேச்சைக் கேட்கிறவள் இல்லை. படிக்கப் போகாதே என்றார்கள், போனாய். கல்யாணம் செய்துகொள் என்றோம், கேட்டாயா? நான் சொன்னேன் என்பதற்காக அத்தனையையும் அழித்திருக்க மாட்டாய். ஒன்றையாவது ஒளித்து வைத்திருப்பாய். எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்தக் கடிதம் என்னைச் சமாதானம் செய்ய எழுதியதுதானே? யாரிடமும் சொல்ல மாட்டேன், சத்தியம். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வைத்துக்கொள். என்ன வேண்டுமானாலும் செய்.

இருக்குன்னு மட்டும் எழுது தாயி.

வல்லி


பெங்களூர்
27 ஜனவரி 2026

அண்ணிக்கு,

இருக்கிறது என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். பிறகு பிரித்துவிட்டேன். எழுதினால் நீங்கள் அதை நம்பிச் சாப்பிட உட்காருவீர்கள்.

ஒளித்து வைக்கத்தான் நினைத்தேன். ஒரு குழாயைத் தனியாக எடுத்துக் கையில் வைத்திருந்தேன். என் உள்ளங்கைச் சூட்டில் பனி உருகுகிறவரை வைத்திருந்தேன். கொஞ்சம் மிச்சம் விட்டால் பிள்ளை அரைகுறையாக வந்து நிற்கும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே. இத்தனை படித்தவள், அந்த நேரம் அதை நம்பினேன் அண்ணி. அவள் பாதி உடம்போடு உங்கள் வாசலில் நிற்பதைப்போல இருந்தது. அதையும் மருந்தில் போட்டுவிட்டேன்.

ஒன்றும் இல்லை.

செந்தாமரை